மனிட்டூலின் முதல் சூப்பீரியர் ஏரிக்கரை வரை: ஏழு நாள் பயணம், எங்கெங்கே நிற்கலாம்?

பாலைப்பழம் | ஜூன் 8, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் முதல் திங்கள் விடுமுறையோடு சேர்த்து ஏழு நாள் லீவு போட்டிருக்கிறேன். கனடா வந்து பத்தொன்பது வருடம். வருகிற விருந்தாளி ஒவ்வொருவரையும் நயாகராவுக்குக் கூட்டிப்போய், அந்த அருவி மேல் எனக்கு வெறுப்பே வந்துவிட்டது. இந்தமுறை வடக்கே போவது என்று முடிவு.

ஸ்காபரோவில் இருந்து ரொபர்மோரி, அங்கே காரைக் கப்பலில் ஏற்றி மனிட்டூலின் தீவு, பிறகு சூ செயின்ட் மேரி, முடிந்தால் சூப்பீரியர் கரையோரமாக வாவா வரை. நான், மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன், 71 வயது அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி.

இந்த யோசனை மகளால் வந்தது. பள்ளியில் ஏதோ படித்துவிட்டு வந்து, "நாங்கள் இருக்கிற இந்த வீடு யாருடைய காணி?" என்று கேட்டாள். வங்கியினுடையது என்று பகிடி விட்டேன். சிரிக்கவில்லை. செவ்விந்தியர்களின் பண்பாட்டை உண்மையாகப் பார்க்கக்கூடிய இடங்கள் எவை? சுற்றுலாக்காரருக்காகப் போடும் நாடகம் வேண்டாம்.

சட்பரிக்காரன் | ஜூன் 8, இரவு 11:03

முதலில் கப்பல். சீச்சீமான் என்று பெயர், ஒஜிப்வே மொழியில் பெரிய ஓடம் என்று பொருள். 1974இல் இருந்து ஓடுகிறது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நீண்ட வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் போனால் ரொபர்மோரியில் நின்று மற்றவர்கள் ஏறுவதைப் பார்க்கலாம், அவ்வளவுதான். இன்றைக்கே பதிந்துவிடுங்கள்.

தீவில் இருந்து சூ பக்கம் போகும்போது, தீவின் வடக்கே லிட்டில் கரண்டில் உள்ள சுழல் பாலம் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். 1913இல் ரயிலுக்காகக் கட்டியது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகும். கோடையில் பகல் முழுக்க ஒவ்வொரு மணியும் அடிக்கும்போது படகுகளுக்கு வழி விடப் பாலம் திரும்பிக்கொள்ளும், பதினைந்து நிமிடம் நிற்கவேண்டும். கோபப்படாதீர்கள். தீவுக்காரர்கள் அந்த நேரத்தில் காரை விட்டு இறங்கிக் கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் தேதி அருமையான தேதி. ஏன் என்று வேறு யாராவது சொல்வார்கள், எனக்கு நாளை காலை வேலை.

நெறியாளர் | ஜூன் 9, காலை 7:30

இழையின் தலைப்பில் இருந்த "செவ்விந்தியர்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். பதிவில் இருப்பதைத் தொடவில்லை.

மதுரைவீதி | ஜூன் 9, காலை 9:15

நெறியாளருக்கு ஒரு கேள்வி. சின்ன வயதில் இருந்து படித்த சொல் அது. காமிக்ஸ் முழுக்க அதுதான். தமிழில் அதில் என்ன தப்பு? திட்டும் தொனி இல்லையே.

தாதி_வடக்கு | ஜூன் 9, மதியம் 1:40

மதுரைவீதி, திட்டு இல்லைதான். ஆனால் கொலம்பஸ் இந்தியா என்று நினைத்துக்கொண்டு வைத்த பெயர், அதற்கு மேல் தோலின் நிறம். இரண்டு தவறையும் ஒட்டித் தைத்த சொல். முதற்குடிகள் என்று சொல்லலாம், பூர்வகுடிகள் என்றும் சொல்லலாம். அதைவிட நல்லது, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்கள் பெயரையே சொல்வது. இந்தப் பயணம் முழுக்க அனிஷினாபே மக்களின் நிலம். மனிட்டூலினில் ஒஜிப்வே, ஒடாவா, பொட்டவாட்டமி மூன்று இனமும் உண்டு. மூன்று நெருப்புகள் என்று தங்கள் கூட்டைச் சொல்லிக்கொள்வார்கள்.

பாலைப்பழம், மகளின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ரொறன்ரோ நகரம் மிசிசாகா மக்களோடு செய்த 13ஆம் உடன்படிக்கைக்கும், 1923இல் மிசிசாகா, சிப்பேவா மக்கள் பலரோடு செய்த வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்கும் உட்பட்டது. அவர்களும் அனிஷினாபே உறவுக்காரர்தான். வீட்டில் இருந்தே பயணம் தொடங்கிவிட்டது என்று சொல்லுங்கள்.

தேதி விஷயம்: அதே வார இறுதியில்தான் தீவின் கிழக்கே விக்வெம்கூங்கில் வருடாந்தப் பவ்வாவ், அதாவது முதற்குடிகள் கூடி மேளம் கொட்டிப் பாடி ஆடும் விழா. மூன்று நாள். நான் வடக்கே தாதியாக வேலை செய்த நாட்களில் நான்கு முறை போயிருக்கிறேன். நுழைவுச்சீட்டு உண்டு, யாரும் வரலாம்.

கவனிக்க வேண்டியவை சில. கிராண்ட் என்ட்ரி என்ற நுழைவு ஊர்வலத்துக்கு முன்பே போய் இடம் பிடியுங்கள். கழுகு இறகு கட்டிய கோல் முன்னால் வரும், எல்லாரும் எழுந்து நிற்கவேண்டும், தொப்பியைக் கழற்றவேண்டும். அறிவிப்பாளர் படம் எடுக்காதே என்றால் போனை உள்ளே வையுங்கள். அவர்கள் அணிந்திருப்பதை வேஷம் என்றோ காஸ்ட்யூம் என்றோ சொல்லிவிடாதீர்கள், ரெகேலியா என்பார்கள். அதில் பாட்டி தைத்த மணி இருக்கும், இறந்துபோன அண்ணனின் இறகு இருக்கும். தொடக்கூடாது. கீழே ஓர் இறகு விழுந்து கிடந்தால் எடுத்துக் கொடுக்கப் போகாதீர்கள், ஆட்டமே நின்று அதற்கென்று ஒரு முறை நடக்கும். மதுபானம் கூடாது. மடக்கு நாற்காலி கொண்டுபோங்கள், அம்மாவுக்கு வேண்டும்.

"இன்டர்டிரைபல்" என்று அறிவித்தால் எல்லாரும் இறங்கி ஆடலாம். அப்போது வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

கோடைமழை | ஜூன் 9, மாலை 6:22

ஒரு நெருடல். "பண்பாட்டைப் பார்க்கப் போகிறோம்" என்பதே எனக்குப் பிடிக்கவில்லை. நல்லூர்த் திருவிழாவில் தூக்குக்காவடி எடுக்கிறவரின் முதுகுக்கு நேரே கேமராவை நீட்டும் வெளிநாட்டுக்காரரைப் பார்த்து நாம் என்ன நினைப்போம்? இப்போது நாமே அந்தக் கேமராவோடு கிளம்புகிறோமா?

மதுரைவீதி | ஜூன் 9, மாலை 6:50

இதே எண்ணம் எனக்கும். ஊட்டிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் இரவு நெருப்பு மூட்டி "பழங்குடி நடனம்" போட்டார்கள். பார்த்தவர்கள் கையில் கோழிக்கால், ஆடியவர்கள் முகத்தில் தூக்கம். இன்னும் மனசில் நிற்கிறது.

தாதி_வடக்கு | ஜூன் 9, இரவு 8:05

வித்தியாசம் இருக்கிறது. ரிசார்ட்டில் அழைத்தது முதலாளி. விக்வெம்கூங்கில் அழைப்பது அந்த ஊர்ச் சனம், வாசலில் சீட்டுக் கிழிப்பதும் அவர்கள் பிள்ளைகள்தான். நாம் வராவிட்டாலும் அது நடக்கும். இந்தச் சடங்குகளும் நடனங்களும், முதற்குடிகளைக் கட்டுப்படுத்தக் கனடா போட்ட இந்தியர் சட்டத்தின் கீழ் தடுக்கப்பட்டிருந்தன, அந்தத் தடைகள் 1951இல்தான் சட்டத்தில் இருந்து போயின. பத்து வருடம் கழித்து, 1961 வாக்கில், விக்வெம்கூங்கில் பவ்வாவை மீண்டும் தொடங்கினார்கள். ஒளித்து வைத்திருந்ததை ஊரறிய எடுத்தார்கள். அதைக் காண வாருங்கள் என்றால் போவதில் என்ன குற்றம்?

கூப்பிடாத இடத்துக்குப் போவதுதான் குற்றம். பர்ச் ஐலன்ட் பக்கம் ட்ரீமர்ஸ் ராக் என்று ஒரு பாறை. இளம் வயதினர் விரதம் இருந்து தரிசனம் தேடும் புனித இடம். இணையத்தில் அதை "மலையேற்றம்" என்று போடுகிறார்கள். ஒயிட்ஃபிஷ் ரிவர் மக்களின் அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாது. எட்ட நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

வல்வைக்கிழவன் | ஜூன் 10, அதிகாலை 5:18

விக்வெம்கூங் என்ற பெயரோடு எப்போதும் இன்னொரு சொல் ஒட்டி வரும்: விட்டுக்கொடுக்கப்படாத நிலம். ஊர்ப் பலகையிலேயே எழுதியிருப்பார்கள். அதன் கதை தெரியாமல் போகாதீர்கள்.

1836இல் மனிட்டூலினை முதற்குடிகளுக்கான தீவு என்று எழுதிக் கொடுத்தார்கள். இருபத்தாறே வருடம். 1862இல் வந்து, குடியேற்றக்காரருக்கு நிலம் வேண்டும், கையெழுத்துப் போடு என்றார்கள். தீவின் மற்ற ஊர்த் தலைவர்கள் போட்டார்கள். கிழக்கு முனையில் இருந்த விக்வெம்கூங்குக்காரர் போட மறுத்துவிட்டார்கள். அதனால் உடன்படிக்கையின் எல்லை அவர்கள் வாசலோடு நின்றது. இன்றைக்கும் நிற்கிறது.

நான் முதல் தடவை அந்தப் பலகைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டுக் கனநேரம் நின்றேன். மனைவி என்ன யோசனை என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். எங்கள் ஊர் வீட்டு உறுதிப் பத்திரம் இன்னும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது, வீடு இல்லை.

சட்பரிக்காரன் | ஜூன் 10, இரவு 9:45

ஐயா சொன்னதற்குப் பிறகு சாப்பாடு, பெட்ரோல் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் யாராவது எழுதத்தானே வேண்டும்.

சூ நகரத்துக்கு வடக்கே பல இடத்தில் போன் சிக்னல் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கிவையுங்கள். அரை டாங்க் ஆனதும் நிரப்புங்கள். இருட்டியபின் ஓட்டாதீர்கள், மூஸ் என்ற பெரிய மான் குறுக்கே வந்தால் அதன் உடம்பு நேரே கண்ணாடிக்கு வரும். லிட்டில் கரண்டில் இருந்து சூ நகரம் 300 கிலோமீட்டர் அளவில், அங்கிருந்து அகாவா பாறை இன்னும் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல்.

அகாவாவைத் தவறவிடாதீர்கள். சூப்பீரியர் ஏரியில் இருந்து நிமிர்ந்து நிற்கும் பாறைச் சுவரில் செங்காவியால் வரைந்த ஓவியங்கள். கொம்பும் முதுகில் முள்ளும் வைத்த மிஷிபெஷு, நீர்க்காட்டுப்பூனை, அதுதான் ஏரியின் அதிபதி. வாலை ஆட்டினால் புயல். பக்கத்தில் ஓடங்கள், ஒரு குதிரைக்காரன்.

இதன் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். கார்டன் ரிவர் தலைவர் ஷிங்வாக். மியீங்கன் என்ற வீரர் ஐந்து ஓடங்களோடு நான்கு பகலில் ஏரியைக் கடந்த கதை இந்தச் சுவரில் இருக்கிறது என்று ஸ்கூல்கிராஃப்ட் என்ற அமெரிக்க அதிகாரிக்குச் சொன்னவர் இவர். பூர்ச்சமரப் பட்டையில் படமும் போட்டுக் காட்டினார். ஸ்கூல்கிராஃப்ட் 1851இல் அதை அச்சில் போட்டார், ஆனால் இடத்தைப் பார்த்ததில்லை. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு தேடி, பாறை ஓவியங்களைப் பதிவுசெய்துவந்த செல்வின் டியூட்னி பாறையைக் கண்டது 1958இல். அனிஷினாபே மக்களுக்கு அது எப்போதும் தொலைந்ததே இல்லை, அது வேறு விஷயம்.

அதே ஷிங்வாக், தன் பிள்ளைகள் வெள்ளைக்காரன் கல்வியையும் படிக்கட்டும் என்று "கற்பிக்கும் விக்வாம்" (விக்வாம் என்றால் அவர்கள் குடில்) ஒன்றைக் கனவு கண்டார். 1832இல் அதற்காக இன்றைய ரொறன்ரோ வரைக்கும் பனிச்செருப்போடு நடந்து போனார் என்பார்கள். அவர் மகன்கள் காலத்தில் பள்ளி வந்தது, ஆனால் வந்தது பிள்ளைகளைக் குடும்பத்திடம் இருந்து பிரித்து வைக்கும் வதிவிடப் பள்ளியாக. சொந்த மொழி பேசினால் அடி. 1970இல் மூடினார்கள். கட்டடம் இப்போது அல்கோமா பல்கலைக்கழகம். அங்கே படித்துப் பிழைத்தவர்களே சேர்ந்து 2018இல் ஒரு நிரந்தரக் காட்சி திறந்திருக்கிறார்கள். வார நாளில் போங்கள். முதலில் பள்ளி, அப்புறம் பாறை, அல்லது மாறி. எப்படியும் இரண்டையும் பாருங்கள்.

பாலைப்பழம் | ஜூன் 11, இரவு 10:30

தலை சுற்றுகிறது, நன்றி. கப்பல் பதிந்துவிட்டேன். நான் எழுதிய சொல்லையும் கவனித்தேன், இனி எழுதமாட்டேன். அகாவாவில் அம்மா இறங்க முடியுமா?

சட்பரிக்காரன் | ஜூன் 11, இரவு 10:41

முடியாது. அரை கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் பாறை இடுக்கில் செங்குத்தாக இறங்கவேண்டும். கடைசியில் ஏரியை நோக்கிச் சரிந்த விளிம்பில் சங்கிலி பிடித்து நடக்கவேண்டும். அம்மாவை மேலே மர நிழலில் உட்கார வையுங்கள். அலை அடித்தால் யாருக்கும் வழி இல்லை, பூட்டிவிடுவார்கள். ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாலைப்பழம் | ஆகஸ்ட் 14, இரவு 11:20

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

வியாழன் கப்பல். மகன் தளத்தை விட்டு இறங்கவே இல்லை. வெள்ளிக்கிழமை தீவிலுள்ள எம்சிகீங் என்ற ஊர். ஒஜிப்வே பண்பாட்டு மையத்துக்குப் போனோம், எதிரே ஒரு கத்தோலிக்கக் கோயில், கூம்புக் கூரை போட்ட வட்டமான கட்டடம். நாம் சைவம், ஆனாலும் அம்மா உள்ளே போய் அரை மணி நேரம் இருந்தார். சிலுவைப்பாதைப் படங்களை லீலண்ட் பெல் என்ற ஓவியர் அனிஷினாபே பாணியில் வரைந்திருக்கிறார். அம்மா சொன்னது: "இயேசுவுக்கு இவர்கள் முகத்தையே கொடுத்திருக்கிறார்கள், பார்."

அன்றுதான் முள்ளம்பன்றி முள் பெட்டிகளைப் பார்த்தோம். பூர்ச்சமரப் பட்டையில் ஓட்டை போட்டு, நனைத்து மிருதுவாக்கிய முள்ளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு மடிப்பது. விளிம்பில் இனிப்புப்புல் என்ற வாசனைப் புல் சுற்றித் தைத்திருக்கும். உள்ளங்கை அளவுப் பெட்டியின் விலையைப் பார்த்து மனைவி என்னைப் பார்த்தாள். விற்ற பெண்மணி விலை குறைக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. எத்தனை முள் என்று மகனை எண்ணச் சொன்னார். நூற்றுச் சொச்சத்தில் அவன் கைவிட்டான். வாங்கிவிட்டோம்.

சனிக்கிழமை பவ்வாவ். எங்கே தொடங்குவது? மேளத்தைச் சொல்கிறேன். நான் நினைத்தது ஆளுக்கொரு மேளம். அப்படி இல்லை, ஒரே பெரிய மேளத்தைச் சுற்றி ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஒன்றாக அடித்துப் பாடுகிறார்கள். பாட்டு உச்சத்தில் போகும்போது அடி நெஞ்செலும்பில் விழுகிறது. நம்முடைய பறை மாதிரி என்று எழுதத்தான் வந்தேன், ஆனால் அது பறை மாதிரி இல்லை. பறை என்னை எழுப்பும், இது உட்காரவைத்தது.

ஜிங்கிள் உடுப்பு நடனம் வந்தபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உடுப்பு முழுக்கத் தகரக் கூம்புகள். முன்பெல்லாம் மூக்குப்பொடி டப்பா மூடியைச் சுருட்டிச் செய்வார்களாம். நூற்றுக்கணக்கான சலங்கை ஒரே நேரத்தில், ஆனால் காலில் இல்லை, உடம்பெங்கும். 1918 கொள்ளைக் காய்ச்சல் காலத்தில், நோயாளிப் பெண் பிள்ளைக்காகக் கனவில் வந்த ஆட்டம் என்று அறிவிப்பாளர் சொன்னார். குணமாக வேண்டியவர்களுக்காக ஆடுவது. அந்த நேரம் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

இன்டர்டிரைபல் அறிவித்ததும் நான் காலணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தாதி அக்கா மன்னிக்கவும். அம்மா எழுந்துவிட்டார். முழங்கால் வலிக்காரர், சேலையோடு, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று. பக்கத்தில் வந்த ஒரு கிழவி சேலையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாராம். "அவை கேட்டுத்தான் தொட்டவை" என்று இன்றுவரை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாப்பாடு: சோள சூப்பும் பொரித்த ரொட்டியும். ரொட்டி கிட்டத்தட்ட தடித்த பூரி. பிள்ளைகள் மூன்று சாப்பிட்டார்கள்.

ஞாயிறு சூ நகரத்துக்கு ஓட்டினேன். வழியில் ஸ்பானிஷ் என்ற சிறு ஊர், இரண்டு வதிவிடப் பள்ளிகள் இருந்த இடம். இறங்கினோம், பேசாமல் ஏறினோம்.

திங்கள் அகாவா. சட்பரிக்காரர் சொன்னபடியே அலை, பாதை பூட்டு. மிஷிபெஷு வாலை ஆட்டுகிறது என்று மகன் சொன்னான். எனக்கு எரிச்சல், இத்தனை தூரம் வந்து. வாவாவை வெட்டிவிட்டுச் செவ்வாய் காலை திரும்பவும் போனோம். ஏரி கண்ணாடி போலக் கிடந்தது. மகளும் நானும் மட்டும் விளிம்பு வரை இறங்கினோம். படங்கள் நான் நினைத்ததைவிடச் சிறியவை. முழங்கை அளவு. ஆனால் தண்ணீர் காலடியில், அந்தப் பூனை கண் மட்டத்தில். வரைந்தவர் எங்கே நின்றிருப்பார் என்று மகள் கேட்டாள். ஓடத்தில் இருந்தும் வரைந்திருக்கலாம், இதே விளிம்பில் நின்றும் வரைந்திருக்கலாம் என்றேன். உடனே ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டாள், யாருக்கோ இடம் விடுவது போல.

மதியம் ஷிங்வாக் கட்டடம். அதைப் பற்றி நிறைய எழுத வரவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் காப்பியோடு நடந்துபோகும் நடைவழியிலேயே அந்தப் பிள்ளைகளின் பழைய வகுப்புப் படங்கள். பின்னால் கல்லறைத் தோட்டம். மகள் படங்களில் தன் வயதுப் பிள்ளைகளைத் தேடித் தேடிப் பார்த்தாள். காரில் ஏறியபின், "எனக்குத் தமிழ் எழுதச் சொல்லித் தாருங்கள்" என்றாள். ஐந்து வருடமாகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதுகொண்டு போன பிள்ளை. இது எத்தனை நாள் நிற்கும் என்று தெரியவில்லை. இதுவரை ஒரு வாரத்துக்கு மேல்.

வல்வைக்கிழவன் | ஆகஸ்ட் 15, அதிகாலை 5:02

பலகையில் நின்றீர்களா?

பாலைப்பழம் | ஆகஸ்ட் 15, காலை 8:10

நின்றோம் ஐயா. அம்மாவிடம் கதையைச் சொன்னேன். "கெட்டிக்காரச் சனம்" என்றார்.

கோடைமழை | ஆகஸ்ட் 15, மதியம் 12:34

சேலை விஷயம் படித்ததும் என் நெருடல் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருக்கட்டும். பொரித்த ரொட்டி பற்றி ஒன்று: நிலத்தை இழந்து, வேட்டையும் போனபின், அரசாங்கம் கொடுத்த மாவும் கொழுப்பும் வைத்துப் பிழைக்கச் செய்த சாப்பாடு அது. அதனாலேயே அதை வேண்டாம் என்கிற முதற்குடிகளும் உண்டு, அதுவே எங்கள் பாட்டியின் கைமணம் என்கிறவர்களும் உண்டு.

மதுரைவீதி | ஆகஸ்ட் 15, மாலை 4:20

அகதி முகாமில் பருப்பும் கோதுமை மாவும் சாப்பிட்டவர்களைக் கேட்டால் தெரியும். என் நண்பர் ஒருவருக்கு இன்னமும் அந்த மாவு ரொட்டிதான் பிடிக்கும், அவர் தம்பிக்கு வாசனையே ஆகாது.

டொராண்டோவில் இருந்து ஒரே நாளில் போய்வர ஏதாவது இருக்கிறதா? எனக்கு ஏழு நாள் லீவு கனவில்தான்.

தாதி_வடக்கு | ஆகஸ்ட் 15, மாலை 7:55

பீட்டர்பரோவுக்கு வடகிழக்கே பெட்ரோகிளிஃப்ஸ் மாகாணப் பூங்கா. சுண்ணப் பாறையில் நூற்றுக்கணக்கான செதுக்குகள், மேலே கட்டடம் கட்டிப் பாதுகாக்கிறார்கள். கினோமாகேவாப்கோங், கற்பிக்கும் பாறைகள் என்று பெயர். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், அதனால் செப்டம்பருக்குள் போங்கள்.

பாலைப்பழம் | ஆகஸ்ட் 16, இரவு 9:30

ஒரு கடைசிக் கேள்வி. அந்த முள் பெட்டியில் திருநீறு வைக்கலாமா என்று அம்மா கேட்கிறார். பிழையாகிவிடுமோ?

தாதி_வடக்கு | ஆகஸ்ட் 16, இரவு 9:48

பெட்டி என்று விற்றார்கள், பெட்டியாகவே வாங்கினீர்கள். வைக்கட்டும். இனிப்புப்புல் வாசம் திருநீற்றில் ஏறிவிடும், அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பாலைப்பழம் | ஆகஸ்ட் 16, இரவு 9:55

ஏறட்டும் என்கிறார். மீக்வெச் (ஒஜிப்வேயில் நன்றி).